விலங்குக் கொழுப்பை வீட்டில் உருக்கி எடுத்தல்: ஓர் அறிமுகம்

கறிக்கடையில் வாங்கிய பச்சைக் கொழுப்பை அப்படியே ஒரு பாத்திரத்தில் மூடி வைத்தால், ஓரிரு நாட்களிலேயே நாற்றமெடுத்துவிடும். அதே கொழுப்பை உருக்கி, வடிகட்டி, ஈரமில்லாத சாடியில் ஊற்றி வைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிட்டால், கொழுப்பு உருக்கும் வேலையில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கொழுப்பு என்று நாம் கையில் எடுப்பது முழுவதும் கொழுப்பு கிடையாது. அது ஓர் உடல் திசு. நுண்ணிய உயிரணுக்கள் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு துளிக் கொழுப்பு அடைபட்டிருக்கிறது. அந்த உயிரணுக்களைக் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன மெல்லிய சவ்வுகள் கட்டி வைத்திருக்கின்றன. ஊடே சிறு இரத்த நாளங்களும் கொஞ்சம் நீரும் இருக்கின்றன. கிருமிகள் பெருகுவதற்கு நீரும் புரதமும் வேண்டும். இவை இரண்டும் நீங்கிய கொழுப்பில் அவற்றுக்குப் பிழைப்பில்லை. மிதமான சூட்டில் உயிரணுக்களை உடையச் செய்து, உள்ளிருக்கும் கொழுப்பை வடியவிட்டு, நீரை ஆவியாக்கி, சவ்வுகளைச் சக்கையாகச் சுருங்க வைத்துப் பிரித்து எடுப்பதையே உருக்குதல் என்கிறோம். நீரும் சக்கையும் எவ்வளவு முழுமையாக நீங்குகின்றனவோ, அந்த அளவுக்குக் கொழுப்பு வெண்மையாகவும் வாடையின்றியும் நாள்பட நிற்பதாகவும் அமையும். பின்னால் வரும் குறிப்புகள் எல்லாம் ஏறத்தாழ இந்த ஒரு வாக்கியத்தின் விரிவாக்கம்தான்.

எந்த இடத்துக் கொழுப்பு

மாடு, ஆடு ஆகியவற்றின் சிறுநீரகங்களைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு வெளிறிய நிறத்தில், கட்டியாக இருக்கும். குளிர்ந்த நிலையில் விரலால் அழுத்தினால் நசுங்காமல் பொடிப்பொடியாக உதிரும். மேலே ஒட்டியிருக்கும் சவ்வு காகிதம் போல உரிந்து வரும். பன்றியிலும் சிறுநீரகத்தை ஒட்டிய கொழுப்பே மிக வெண்மையானது. முதுகுப்புறக் கொழுப்பு அதற்கு அடுத்தபடி. கோழி, வாத்து ஆகியவற்றின் கொழுப்போ கையில் எடுக்கும்போதே குழைந்துவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கொழுப்பு அமிலங்கள். ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் ஒரு கிளிசரால் துண்டோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்து உருவானது. அந்த அமிலங்களில் ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 69 பாகை செல்சியசிலும், பால்மிடிக் அமிலம் 63 பாகையிலும்தான் உருகும். ஓலிக் அமிலமோ 13, 14 பாகையிலேயே நீர்மமாகிவிடும். எது மிகுந்திருக்கிறதோ அதைப் பொறுத்தே கொழுப்பின் இறுக்கம் அமைகிறது. மாட்டுக் கொழுப்பு பொதுவாக 40 முதல் 50 பாகைக்குள் உருகும். பன்றிக் கொழுப்புக்கு 30 முதல் 40 பாகை போதும். கோழிக் கொழுப்பு சாதாரண வெப்பநிலையிலேயே பாதி இளகி நிற்கும். ஒரே விலங்கிலும் இடத்துக்கு இடம் இது மாறுகிறது. தோலை ஒட்டிய பகுதி உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியானது. அங்கே உள்ள கொழுப்பு உறைந்து விறைத்துவிடாமல் இருக்க இளகிய அமிலங்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ஆழத்தில், சூடான பகுதியில் இருக்கும் கொழுப்புக்கு அந்தத் தேவை குறைவு என்பதால் அது கெட்டியாக இருக்கிறது.

வாங்கும்போதே எதற்காக உருக்கப் போகிறோம் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் கெட்டியான சிறுநீரகக் கொழுப்பு வேண்டும். சமையலுக்கும் களிம்புக்கும் இளகியது வசதி. கடைக்காரர் கலந்து கொடுத்தால், இரண்டையும் பிரித்துத் தனித்தனியே உருக்குவதற்கு ஆகும் சிரமம் வீண்போகாது. நன்றாகச் சுத்தம் செய்த சிறுநீரகக் கொழுப்பு ஒரு கிலோவில் முக்கால் கிலோ அளவுக்கு உருக்கிய கொழுப்பை எதிர்பார்க்கலாம். தசை ஒட்டிய வெட்டுத்துண்டுகளானால் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உருக்கும் முறை

கொழுப்பைச் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்து விறைக்கவிட்ட பிறகு வெட்டினால் கத்தியில் ஒட்டாமல் வரும். ஒட்டியிருக்கும் இறைச்சி, இரத்தக் கட்டி, சுரப்பித் துண்டுகள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். கறி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்துக்கொண்டால் இன்னும் விரைவாக உருகும். இறைச்சியை நீக்குவதில் சோம்பல் கூடாது. பின்னால் எழும் வாடைக்கும் பழுப்பு நிறத்துக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

பாத்திரம் அடிகனமானதாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் பொருத்தமானது. செம்பு விரைவில் கொழுப்பைக் காறவைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

எளிய முறை, கொழுப்போடு அரைக் கோப்பை நீர் மட்டும் சேர்த்து மிகச் சிறிய தீயில் வைப்பது. தொடக்கத்தில் அடிபிடிக்காமல் காப்பதற்கே அந்த நீர். முதலில் உருகும் கொழுப்பு அடியில் பரவுவதற்குள் அது தன் வேலையை முடித்து ஆவியாகிவிடும். முதல் அரைமணி நேரம் எதுவும் நடப்பதாகவே தோன்றாது. பிறகு துண்டுகளின் ஓரம் கண்ணாடி போலத் தெளியும். கலங்கலான நீர்மம் கசிந்து நிற்கும். பெரிய குமிழிகள் எழும். பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 பாகையை ஒட்டியே நிற்கும், ஆகையால் இந்தக் கட்டத்தில் கருகும் அச்சம் குறைவு. நீர் வற்ற வற்ற நீர்மம் தெளிந்து, குமிழிகள் சிறுத்து, வெண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்குவதைப் போல ஓசை அடங்கும். அந்த ஓசை அடங்கிய பிறகு வெப்பம் மளமளவென்று ஏறும் என்பதால், அடுப்பின் பக்கத்திலேயே நிற்க வேண்டிய நேரம் அதுதான்.

மிதந்துகொண்டிருந்த துண்டுகள் ஈரத்தை இழந்து இளம் பொன்னிறமாகி மெல்ல அடியில் அமரத் தொடங்கினால், வேலை முடிந்தது என்று பொருள். வெப்பமானி இருந்தால் 120 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். சக்கை செம்பழுப்பாகும்வரை விட்டால் இன்னும் சில கரண்டிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வறுத்த வாடை கொழுப்பு முழுவதிலும் ஏறிவிடும். அந்தச் சில கரண்டிகளுக்கு ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, கம்பிச் சல்லடைமேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து வடிகட்ட வேண்டும். சக்கையை அழுத்திப் பிழிந்தால் நுண்ணிய துகள்களும் சேர்ந்து இறங்கும். முதல் வடிகட்டலைத் தனியாக வைத்துக்கொண்டு, பிழிந்து எடுப்பதை முதலில் செலவழித்துவிடலாம்.

மெழுகுவர்த்தி, சோப்பு, களிம்பு போன்றவற்றுக்கு வாடையற்ற கொழுப்பு தேவைப்படும்போது, நீர் நிறையச் சேர்த்து உருக்கும் முறை சிறந்தது. கொழுப்பு மூழ்கும் அளவுக்கு நீரும், கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பும் சேர்த்து, மெல்லக் கொதிக்கவிட்டு, நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரில் கரையக்கூடிய இரத்தச் சாறும் வாடையும் நீரோடு போகும். உப்பு நீரின் அடர்த்தியைக் கூட்டுவதால் கொழுப்பும் நீரும் தெளிவாகப் பிரியும். வடிகட்டி இரவு முழுவதும் ஆறவிட்டால், மேலே கொழுப்பு வட்டமான கட்டியாக உறைந்திருக்கும். அதைத் தூக்கித் திருப்பினால் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான கசடு படிந்திருப்பதைக் காணலாம். அதைக் கத்தியால் வழித்து எறிந்துவிட்டு, புதிய நீரில் மீண்டும் ஒருமுறை கழுவி உருக்கலாம். அடிக்கசடு வராத வரை இதைத் தொடரலாம் என்றாலும், பெரும்பாலும் இரண்டு முறை போதும். ஆட்டுக் கொழுப்புக்கே உரிய வாடை அதிலுள்ள கிளைத்த அமைப்புடைய சில கொழுப்பு அமிலங்களால் வருவது. எத்தனை முறை கழுவினாலும் அது முற்றிலும் போகாது.

இந்த முறையில் பலரும் விட்டுவிடுவது கடைசிப் படி. கழுவிய கட்டிக்குள் நீர்த்துளிகள் சிக்கியிருக்கும். அதை நீரில்லாமல் மீண்டும் உருக்கி, சிறு தீயில் குமிழிகள் முற்றிலும் நிற்கும்வரை வைத்து உலர்த்தாவிட்டால், முன்பு செய்த கழுவுதல் எல்லாம் வீணாகிப் பூசணம் பிடிக்கும்.

சூடான கொழுப்பில் நீர் விழக் கூடாது என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து எழுநூறு மடங்கு வரை விரியும்; கொழுப்பின் அடியில் இறங்கிய நீர் அப்படி விரிந்தால் எரியும் கொழுப்பை அறை முழுவதும் வீசியடிக்கும். பாத்திரம் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, இறுக்கமான மூடியால் மூடி, அப்படியே ஆறவிட வேண்டும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் கூடாது. மிஞ்சிய கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நிறமும் இருப்பும்

பசும்புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருந்தால் அது குறையன்று. புல்லிலுள்ள கரோட்டின் நிறமி கொழுப்பில் தேங்கியதன் அடையாளம். ஆட்டின் உடல் அந்த நிறமியை அப்படிச் சேமிப்பதில்லை என்பதால் அதன் கொழுப்பு வெண்மையாகவே இருக்கும். மெல்ல ஆறிய கொழுப்பு மணல் மணலாக உறைவதும் இயல்புதான். வழுவழுப்பு வேண்டுமானால் குளிர்ந்த இடத்தில் வைத்துக் கிளறிக்கொண்டே விரைவாக ஆறவிட வேண்டும்.

கிருமிகள் விலகினாலும் கொழுப்புக்கு வேறொரு பகை உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் இளகிய கொழுப்பு அமிலங்களைத் தாக்குவதால் காறல் வாடை எழுகிறது. வெளிச்சம், சூடு, உலோகத் துகள் ஆகியவை அதை விரைவுபடுத்தும். எனவே ஈரமில்லாத கண்ணாடிச் சாடியில் விளிம்புவரை நிரப்பி, மூடி, இருளான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் பல மாதங்களும், உறைபெட்டியில் ஓராண்டு அளவுக்கும் தாங்கும். ஈரக் கரண்டி ஒன்று போதும், சாடி முழுவதும் கெட்டுப்போகும்.

கொழுப்புக்கு மணங்களை உறிஞ்சும் இயல்பும் உண்டு. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியத் தொழிலாளர்கள் இதையே தொழிலாக்கினார்கள். தூய்மைப்படுத்திய பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் கலந்து கண்ணாடித் தட்டில் பூசி, அதன்மேல் மல்லிகை, சம்பங்கி போன்ற பூக்களைப் பரப்பி, வாடியவற்றை அகற்றிப் புதிய பூக்களை வைத்துக்கொண்டே வந்தால், கொழுப்பு மணத்தால் நிறைந்துவிடும். அதை மதுசாரத்தில் அலசி வாசனையைப் பிரித்தெடுத்தார்கள். வெங்காயத்துக்கு அருகே சாடியைத் திறந்து வைத்தாலும் நடப்பது இதுவே.

வீட்டுப் பயன்கள்

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொரிக்கவும் வதக்கவும் மாவில் பிசையவும் இது பயன்படும்; பன்றிக் கொழுப்பு ஏறத்தாழ 190 பாகை வரை புகையாமல் தாங்கும். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தது என்பதால் அளவோடு உண்பதே முறை. சமைத்த இறைச்சியின்மேல் உருகிய கொழுப்பை ஊற்றிக் காற்றுப்படாமல் மூடி வைப்பது பழைய பாதுகாப்பு முறை. ஆனால் காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமியும் உண்டு என்பதால், குளிர்பதனம் இல்லாமல் இதை இன்று முயல்வது அறிவுடைமை ஆகாது.

விளக்குக்குக் கொழுப்பு நெடுங்காலம் முதன்மைப் பொருளாக இருந்தது. லண்டனில் கொழுப்பு மெழுகுவர்த்தி செய்பவர்களின் சங்கம் 1462-இலேயே அரச சாசனம் பெற்றிருந்தது என்பதைக்கொண்டு அந்தத் தொழிலின் பரப்பை ஊகிக்கலாம். ஏழை வீடுகளில் கோரையின் பட்டையை உரித்து, உள்ளிருக்கும் நெட்டியைக் கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். மெழுகுவர்த்தி செய்ய, பருத்தித் திரியை உருகிய கொழுப்பில் முக்கி எடுத்து, உறையவிட்டு, மீண்டும் மீண்டும் முக்கி எடுக்க வேண்டும். இதில் வெப்பநிலைதான் நுட்பம். கொழுப்பு மிகவும் சூடாக இருந்தால் முன்பு படிந்த படலமும் உருகிப் போகும். பாத்திரத்தின் ஓரத்தில் மெல்லிய ஆடை படியத் தொடங்கும் நேரமே முக்குவதற்கு ஏற்றது.

கொழுப்பு மெழுகுவர்த்தியின் குறைகளும் பெயர்போனவை. வெயில் காலத்தில் வளையும், எலி கடிக்கும், கரி கக்கும், அடிக்கடி திரியின் கருகிய நுனியைக் கத்தரிக்க வேண்டும். அணைக்கும்போது எழும் கண்ணைக் கரிக்கும் புகை, கிளிசரால் பகுதி சிதைந்து உண்டாகும் அக்ரோலின் என்னும் பொருளின் வேலை. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் செவ்ரேல், கொழுப்பு என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று கண்டறிந்த பிறகே இதற்கு வழி பிறந்தது. கிளிசராலை நீக்கி, ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்துச் செய்யும் மெழுகுவர்த்திக்கு அவரும் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளரான கே-லுசாக்கும் 1825-இல் காப்புரிமை பெற்றார்கள். வீட்டில் இன்று செய்ய விரும்புவோர், வளைவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க, சிறு தகர டப்பாவில் பின்னிய பருத்தித் திரியை நிறுத்திக் கொழுப்பை ஊற்றிக்கொள்ளலாம்.

சோப்பு இன்னொரு பெரிய பயன். முன்பு மரச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்த காரநீரைக் கொழுப்போடு காய்ச்சினார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் என்பதால் கிடைத்தது குழைவான சோப்பு; அதில் உப்பைச் சேர்த்தால்தான் கட்டியாகும். காரநீரின் திறத்தை அறிய முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். இது சுமாரான கணிப்புதான், ஆகவே சில சமயம் தோலைப் புண்ணாக்கும் சோப்பும் வந்திருக்கும்.

இன்று எடை பார்த்துச் செய்ய முடியும். ஒரு கிராம் மாட்டுக் கொழுப்பை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 0.14 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 500 கிராம் கொழுப்புக்கு 70 கிராம்; சிறிது கொழுப்பு மிஞ்சுவதே தோலுக்கு நல்லது என்பதால் ஐந்து விழுக்காடு குறைத்து 66 கிராம் எடுப்பது வழக்கம். அதைச் சுமார் 170 மில்லி நீரில் கரைக்க வேண்டும். எப்போதும் நீரில்தான் காரத்தைத் தூவ வேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும் என்பதால் அது ஆகாது. தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கரைசலும் கொழுப்பும் 45, 50 பாகைக்கு வந்த பிறகு கலந்து, கரண்டியைத் தூக்கினால் தாரை மேற்பரப்பில் கோடாக நிற்கும்வரை கடைந்து, அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். கட்டியாக, எளிதில் கரையாத சோப்பு கிடைக்கும். நுரை அடக்கமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெய் சேர்த்தால் நுரை கூடும், ஆனால் அதற்குக் காரம் கூடுதலாக வேண்டும் என்பதால் கணக்கை மீண்டும் போட வேண்டும். கடைச் சோப்பின் உறையில் சோடியம் டேலோவேட் என்று இருந்தால் அதுவும் மாட்டுக் கொழுப்புச் சோப்புதான்.

தோல் செருப்பு, வார், சேணம் ஆகியவற்றுக்குக் கொழுப்பைத் தேன்மெழுகோடும் சிறிது எண்ணெயோடும் உருக்கிக் கலந்து பூசினால், தோல் இளகி நீரைத் தடுக்கும். தோல் நிறம் கறுக்கும் என்பதால் முதலில் ஓரத்தில் பூசிப் பார்ப்பது நல்லது. மரத்தில் இறங்க மறுக்கும் திருகாணியின் புரியில் சிறிது தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். மாலுமிகள் கடலின் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அடைத்து இறக்கினார்கள். அதில் ஒட்டி வரும் மணலையோ சேற்றையோ சிப்பித் துண்டையோ பார்த்துக் கடலடித் தரை எப்படிப்பட்டது என்று கண்டுகொண்டார்கள். வீட்டுப் பயன் என்று இதைச் சொல்ல முடியாவிட்டாலும், விட்டுவிட மனம் வரவில்லை.

களிம்பு செய்வோர் கொழுப்பில் மூலிகைகளை இறக்கினார்கள். மருந்தகங்களில் பன்றிக் கொழுப்பைச் சாம்பிராணியோடு சூடாக்கி வைத்தார்கள். அதிலுள்ள பென்சாயிக் அமிலம் காறாமல் காத்தது. 1872-இல் வாசலினுக்குக் காப்புரிமை கிடைத்த பிறகு, காறவே காறாத அந்தப் பொருள் கொழுப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெடித்த குதிகாலுக்கு உருக்கிய கொழுப்பு இன்றும் உதவும். தோலின் ஈரம் போகாமல் மூடி வைப்பதே அது செய்யும் வேலை. திறந்த புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் போடக் கூடாது.

சாடி காறிப்போனால் அந்தக் கொழுப்பை உண்ணவும் வேண்டாம், தோலில் பூசவும் வேண்டாம். கருவிகளிலும் தடவ வேண்டாம். காறிய கொழுப்பில் பிரிந்து நிற்கும் அமிலங்கள் பித்தளையைப் பச்சை பூக்கச் செய்யும். சோப்பாக்கினால் நாளடைவில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றும். பழைய பருத்தித் துணிக் கீற்றுகளை அதில் தோய்த்து உறையவிட்டு, விறகடுப்பைப் பற்றவைக்க எடுத்துக்கொள்ளலாம்.